சில்லுப் போதிகையும் சீராக்கும் கையும்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். 1885ஆம் ஆண்டில் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் எரிபொருள் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டியமை நன்கு அறியப்பட்டதே. ஆனால் சில்லு எதன்மீது சுழல்கின்றது, அச்சுக்கும் சில்லின் குடத்துக்கும் இடையிலுள்ள உராய்வை மனிதன் எவ்வாறு வென்றான் என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெற்றில. பெயாரிங் எனக் கராஜ்களில் வழங்குவதும் போதிகை என நம் கலைச்சொல் குறிப்பதுமான அவ்வுறுப்பின் வரலாறு, புத்தாக்கத்தின் வரலாறு மட்டுமன்று. அதனைச் சீராக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதன் வரலாறுமாகும்.

வழுக்குவதிலும் உருள்வது எளிது என்னும் உண்மை மிகப் பழையது. இத்தாலியின் நேமி ஏரியை 1928க்கும் 1932க்கும் இடையில் வடித்தபோது, உரோமப் பேரரசன் கலிகுலாவின் (ஆட்சி கி.பி. 37–41) கப்பல்கள் வெளிப்பட்டன. சுழலும் மேடையொன்றைத் தாங்கிய வெண்கலக் குண்டுகளும் அவற்றிடையே காணப்பட்டன. 1490களில் லியனார்டோ டா வின்சி எழுதி, 1960களில் மாட்ரிட் தேசிய நூலகத்தில் மீளக் கண்டெடுக்கப்பட்ட கையெழுத்துப் படியில், குண்டுகள் ஒன்றோடொன்று உரசாதவாறு அவற்றைப் பிரித்து நிறுத்தும் அமைப்புகள் வரையப்பட்டுள்ளன. 1794இல் வேல்ஸ் நாட்டுக் காமார்தன் நகரத்து இரும்புத் தொழிலதிபர் பிலிப் வோகன், வண்டியச்சுக்கான குண்டுப்போதிகைக்கு உரிமம் பெற்றார். ஆயினும் அடுத்த எழுபது ஆண்டுகள் வண்டிகள் வழுக்கும் அச்சுகளிலேயே பெரிதும் ஓடின. கருத்து இருந்தது, ஒரே அளவான, வன்மையான உருக்குக் குண்டுகளை மலிவாக ஆக்கும் ஆற்றல் இருக்கவில்லை.

அவ்வாற்றலைத் தேட வைத்தது சைக்கிளேயாகும். தன் தசையின் வலியையே இயக்குவிசையாகக் கொண்டவன், உராய்வினால் இழப்பதை உடலால் உணர்கின்றான். 1869இல் பாரிஸ் நகரத்து ஜூல் சூரிரே சைக்கிளுக்கான குண்டுப்போதிகைக்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரிசிலிருந்து ரூவான் வரை, ஏறத்தாழ 123 கிலோமீற்றர் தூரம் நடைபெற்ற போட்டியில், அத்தகைய போதிகை பூட்டிய வண்டியில் ஜேம்ஸ் மூர் பதினொரு மணித்தியாலத்துக்குள் முதலாவதாக வந்து சேர்ந்தார். 1877இல் பேர்மிங்காமைச் சேர்ந்த ஜோசப் ஹென்றி ஹியூஸ், குண்டுகள் ஓடும் தடத்தைச் சீராக்கக்கூடிய அமைப்புக்கு உரிமம் பெற்றார். இதன் முக்கியத்துவம் ஈண்டு நோக்கற்பாலது.

அக்காலத்துக் குண்டுகள் முற்றும் ஒரே அளவின அல்ல. தடங்களும் தேயும் இயல்பின. ஆதலால் கிண்ணம்போன்ற தடத்துக்கும் கூம்புபோன்ற தடத்துக்கும் இடையே குண்டுகளை நிறுத்தி, கூம்பைத் திருகி இடைவெளியைக் குறைக்கவும் கூட்டவும் வழிசெய்யப்பட்டது. தேய்வு ஏற்பட்டால் ஓட்டுபவனே கூம்பைச் சற்று இறுக்கிப் பூட்டு நட்டினால் நிலைநிறுத்தலாம். சீராக்கல் என்பது உற்பத்தியின் குறைபாட்டை ஒப்புக்கொள்வதாகவும் அக்குறைக்குத் தீர்வாகவும் அமைந்தது. தொழிற்சாலையால் தரமுடியாத நுண்மையைப் பாவனையாளனின் கை நிறைவு செய்தது.

இந்நிலையை மாற்றியது ஜேர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகரம். 1883இல் அந்நகரத்துப் பிரெட்றிக் பிஷர், கடினமாக்கப்பட்ட உருக்குக் குண்டுகளைச் சம அளவில் அரைத்தெடுக்கும் பொறியை உருவாக்கினார். குண்டு ஒரு கைவினைப்பொருள் என்ற நிலை நீங்கி ஆலைப்பொருளாயிற்று. 1901இல் ரிச்சாட் ஸ்ரிபெக் வெளியிட்ட ஆய்வுகள், ஒரு குண்டு தாங்கக்கூடிய சுமை அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்கின்றது என்பதைக் காட்டின. இதனால் போதிகையை அனுபவத்தால் மட்டுமன்றிக் கணிப்பினாலும் வடிவமைக்க முடிந்தது.

இதன்பின் வளர்ச்சி இரு வழிகளிற் சென்றது. முதலாவது அமெரிக்கரான ஹென்றி ரிம்கனின் வழி. வண்டி கட்டும் தொழிலில் இருந்த அவர், 1898இல் கூம்புருளைப் போதிகைக்கு உரிமம் பெற்றார். கூம்புவடிவான உருளைகள் மேலிருந்து வரும் சுமையையும் பக்கவாட்டில் வரும் உந்தலையும் ஒருங்கே தாங்கின. தேய்வை இறுக்கிச் சரிசெய்யவும் இடமிருந்தது. இரண்டாவது றொபேட் கொன்றாட்டின் வழி. அவர் 1903இல் உரிமம் பெற்ற முறையில், உள்வளையத்தை ஒருபுறம் ஒதுக்கிக் குண்டுகளை இட்டு, பின்னர் அவற்றைச் சுற்றிலும் சமமாகப் பரப்பினர். ஆழ்ந்த தடத்தையுடைய இப்போதிகையில் உள்ளிடைவெளி ஆலையிலேயே நிருணயிக்கப்பட்டது. பாவனையாளன் திருகுவதற்கு எதுவும் இல்லை. முதலாவது வழி கையை நம்பியது. இரண்டாவது ஆலையை நம்பியது.

ஆலையை நம்புதலின் மறுபக்கத்தை இரண்டாம் உலகப் போர் காட்டியது. ஜேர்மனியின் போதிகை உற்பத்தியிற் பெரும்பங்கு ஷ்வைன்பூர்ட்டிற் குவிந்திருந்தமையால், 1943 ஆகஸ்ட் 17ஆம் நாளும் அக்டோபர் 14ஆம் நாளும் அமெரிக்க விமானங்கள் அதனைத் தாக்கின. அந்நகரைத் தாக்கச் சென்ற விமானங்களுள் முதல்நாளில் 36உம் இரண்டாம் நாளில் 60உம் இழக்கப்பட்டன. முதற்றாக்குதலின்பின் உற்பத்தி 38 சதவீதத்தாற் குறைந்ததெனப் படைக்கல அமைச்சர் ஸ்பியர் பிற்காலத்தில் எழுதினார். பிரித்தானியாவும் 1943–44 காலத்தில் ஆபத்தான கடல்வழியாக வேகப்படகுகளை அனுப்பிச் சுவீடனிலிருந்து போதிகைகளைப் பெற்றது. நுண்மை ஓரிடத்திற் குவியும்போது, அவ்விடம் ஒரு நாட்டின் உயிர்நிலையாகிவிடுகின்றது.

மோட்டார் சைக்கிளின் சில்லில் இவ்விரு வழிகளும் நெடுங்காலம் அருகருகே நின்றன. போருக்குப் பிந்திய வின்சென்ற் வண்டிகளும், 1970களின் பி.எம்.டபிள்யூ. வண்டிகளும் சில்லுகளிற் கூம்புருளைப் போதிகைகளைக் கொண்டிருந்தன. பி.எம்.டபிள்யூ. சில்லில் இரு போதிகைகளுக்கும் இடையே தெரிந்தெடுத்த தடிப்புடைய வளையமொன்றை இட்டே இறுக்கம் சீராக்கப்பட்டது. ஹார்லி-டேவிட்சன் வண்டிகளின் கூம்புருளைப் போதிகைகளுக்கு 1990களில் விதிக்கப்பட்ட அச்சுவழி அசைவு ஏறத்தாழ 0.05 முதல் 0.15 மில்லிமீற்றர் வரையாகும்.

இச்சிறு இடைவெளியிலேயே ஓட்டுபவனின் உயிர் தங்கியுள்ளது. தளர்வு மிகுந்தால் சில்லு ஆடும். உருளைகள் தடத்தை மோதிக் குழிகளை உண்டாக்கும். இறுக்கம் மிகுந்தால் வெப்பம் ஏறும்; கிறீஸ் உருகி வடியும்; உருக்கு நீலம் பாரிக்கும்; ஈற்றில் ஓடும்போதே சில்லு இறுகி நின்றுவிடவுங்கூடும். ஆகையால் பராமரிப்போன் பழைய கிறீஸை மண்ணெண்ணெயிற் கழுவி நீக்கி, நன்கு உலர்த்தி, தடத்திற் குழியோ நிறமாற்றமோ உண்டாவெனப் பார்க்கின்றான். ஒவ்வோர் உருளைத் தொகுதியையும் அதற்குரிய வெளிவளையத்துடனேயே சேர்க்கின்றான். உருளைகளுக்கு இடையிற் புதிய கிறீஸை அழுத்தி நிரப்புகின்றான். அச்சை இறுக்கும்போது சில்லைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால் உருளைகள் தத்தம் இடத்தில் அமர்கின்றன. பின்னர் சில்லின் விளிம்பைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கின்றான். கைந்நூலில் உள்ள எண் ஓர் எல்லையைத் தருகின்றது. அவ்வெல்லைக்குள் நிற்பதைக் கை அறிகின்றது.

எனினும் இறுதியில் இரண்டாவது வழியே வென்றது. அதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு. மோட்டார் கார் திரும்பும்போது அதன் சில்லுகள் பெரும் பக்கவாட்டு உந்தலைத் தாங்க வேண்டும். மோட்டார் சைக்கிளோ திரும்பும்போது சாய்கின்றது. விசையின் பெரும்பகுதி சில்லின் தளத்தின் வழியாகவே செல்கின்றது. ஆதலால் ஆழ்தடக் குண்டுப்போதிகையே அதற்குப் போதுமானது. ஆலையிலேயே கிறீஸ் இட்டு மூடப்பட்ட போதிகைகள் பரவியபின், சேற்றுக்கும் நீருக்கும் அஞ்ச வேண்டிய தேவை குறைந்தது. ஹார்லி-டேவிட்சனும் 2000ஆம் ஆண்டு வண்டிகளில் மூடிய குண்டுப்போதிகைக்கு மாறியது. இன்று போதிகை பழுதடைந்தால் அதனைச் சீராக்குவோர் இல்லை. கழற்றி எறிந்து புதியதை இடுகின்றனர்.

இதனை வீழ்ச்சியெனக் கொள்ளுதல் பொருந்தாது. தவறாக இறுக்கிய கையினால் விளைந்த விபத்துக்களை மூடிய போதிகை தவிர்த்துள்ளது. ஆயினும் ஹியூஸின் காலம் முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல், ஆலையின் குறையை நிறைவு செய்துவந்த அறிவொன்று இம்மாற்றத்தால் இடமிழந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. பழைய வண்டிகள் ஓடும் வரை அவ்வறிவுக்குத் தேவை உண்டு; அவற்றைப் பேணுவோர் தம்மை அடுத்து வருவோர்க்கு அதனைக் கையாற் காட்டிக் கொடுத்தாலன்றி, ஏட்டிலிருந்து மட்டும் அது மீளாது. தொழில்நுட்ப வரலாறு உரிமம் பெற்றோரின் பெயர்ப்பட்டியலாக மட்டும் அமையுமாயின், உருவாக்கியவனை நினைவுகூர்ந்து ஓடவைத்தவனை மறந்த வரலாறாகவே அது எஞ்சும்.