நஞ்சின் நிறமும் நகலின் நிறமும்

ஆடுதீண்டாப்பாளை என்னும் பெயரே ஓர் எச்சரிக்கை. அச்செடியையும் அதன் இனமான ஈசுரமூலிக் கொடியையும் உண்டு வளர்வது சிவப்புடல் அழகி என்னும் வண்ணத்துப்பூச்சி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இதனை நாம் காணலாம். இலையிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலங்களைப் புழு தன் உடலில் சேர்த்து வைக்கிறது; சிறகு முளைத்த பின்னும் அந்நஞ்சு நீங்குவதில்லை. கருஞ்சிறகில் செம்பொட்டுகள், செந்நிற உடல், அவசரமற்ற பறத்தல். ஒருமுறை கொத்திச் சுவை கண்ட பறவை மறுமுறை அதனை நாடுவதில்லை.

1758இல் லின்னேயஸ் இதற்கு ஹெக்டர் என்று பெயரிட்டார். மார்பில் குருதிக்கறை போன்ற புள்ளிகளுடைய பூச்சிகளை 'டிராய் வீரர்கள்' என அவர் வகுத்திருந்தார். அந்நூலிலேயே பம்மன், பாலிடீஸ் என வேறு இரு பூச்சிகளும் இடம்பெற்றன. 1775இல் கிராமர் ரோமுலஸ் என்பதைச் சேர்த்தார். இம்மூன்றும் தனித்தனி இனங்கள் என்றே பலரும் நெடுங்காலம் கொண்டனர்.

அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் உழன்று மீண்ட பேட்ஸ், நஞ்சற்ற பூச்சி நஞ்சுடையதன் உருவேற்றுப் பிழைக்கும் என்னும் கருத்தை 1862இல் வெளியிட்டார். அவ்வொளியில் நோக்கிய வாலஸ் 1865இல் முடிச்சை அவிழ்த்தார். பம்மன் ஆண், பாலிடீசும் ரோமுலசும் அதன் பெண்கள். ரோமுலஸ் ஹெக்டரின் வேடத்தையும், பாலிடீஸ் ஹெக்டரின் உறவான நஞ்சுடைய ரோஜா அழகியின் வேடத்தையும் பூண்டவை. இன்று நாம் கறிவேப்பிலை அழகி என்றழைப்பது இவ்வோரினத்தையே.

இலங்கையில் இவற்றை வளர்த்து ஆராய்ந்த ஃபிரையர், இவ்வேடங்கள் மெண்டலின் விதிப்படி மரபுவழி வருவதை 1913இல் காட்டினார். 2014இல் குந்தேயும் அவருடன் ஆய்ந்தோரும், அவ்வேடத்தை ஆள்வது 'டபுள்செக்ஸ்' என்னும் ஒற்றை மரபணு என்று கண்டனர்.

பறவையை ஏய்த்த வேடம் ஏடெழுதிய அறிஞரையும் ஏய்த்தது. எனினும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் அடையாளம் உண்டு: போலியின் சிறகில் செம்மை ஏறினும் உடல் கறுப்பாகவே நிற்கும்.

பொய்யின் வாழ்வு மெய்யை அண்டியே நிற்பது. போலிகள் மிகுந்தால் இளம்பறவை முதலில் கொத்துவது இனிய இரையாகிவிடும். செந்நிறத்தை அஞ்ச அது கற்காது. வேலியோரத்து ஈசுரமூலியைக் களையென்று பிடுங்கியெறியும்போது நாம் ஹெக்டரின் உணவை மட்டும் அழிப்பதில்லை; கறிவேப்பிலையில் பிறந்தவளின் கவசத்தையும் கழற்றிவிடுகிறோம்.