எண்ணெயிலிருந்து ஊசிக்கு: முழங்கால் தேய்மான வலிக்கான மூட்டு ஊசியின் வரலாறும் திருவட்டாறு வட்டாரமும்

முன்னுரை

ஆதிகேசவப் பெருமாள் கோயிலால் அறியப்பட்ட திருவட்டாற்றைச் சுற்றியுள்ள சரிவுகள் இன்று பெரும்பாலும் ரப்பர் காடுகள். பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் தோட்டத்தில் இறங்குகிறார். பட்டையில் வெட்டு கீழே இறங்க இறங்க, மரத்துக்கு மரம் குனிந்தும் குத்தவைத்தும் சீவ வேண்டியிருக்கிறது. இவ்வூர் அமைந்துள்ள குமரி மாவட்டத்தின் அண்டி ஆபீஸ்கள் எனப்படும் முந்திரி ஆலைகளில் பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார்கள். முழங்காலை மடக்கிச் செய்யும் கடின வேலைக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஆய்வு 1991இல் எடுத்துக்காட்டியது. எனவே முட்டுவலி இவ்வட்டாரத்தில் முதுமையோடு மட்டுமல்ல, உழைப்போடும் சேர்ந்து வருவது. அந்த வலிக்குத் தரப்படும் மூட்டு ஊசி எவ்வாறு உருவாயிற்று, அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊசிக்கு முந்தைய காலம்

முழங்கால் தேய்மானத்தைச் சித்த மருத்துவர்கள் அழல் கீல்வாயு என இனங்காண்கின்றனர். ஒற்றடம், பற்று, தொக்கணம், அட்டை விடல் போன்றவற்றை உள்ளடக்கிய 32 புறமருத்துவ முறைகள் சித்த மரபில் உண்டு. குமரி மாவட்ட வர்ம ஆசான்கள் எண்ணெயிட்டுத் தடவுவதிலும் கட்டுப் போடுவதிலும் பெயர் பெற்றவர்கள். இவை யாவும் தோலுக்கு வெளியிலிருந்து மூட்டை அணுகிய முறைகள்.

அருகிலுள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணியை 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கினார். எவரெஸ்ட் ஏறச் சென்ற அறுவை மருத்துவர் தியடோர் சாமர்வெல் 1920களில் அங்கே பணிக்கு வந்தார். அறுவை சிகிச்சை முன்னேறியிருந்த அக்காலத்திலும், தேய்ந்த மூட்டின் வலிக்கு ஆங்கில மருத்துவத்தின் கையில் இருந்தவை ஆஸ்பிரின், ஓய்வு, சூடு ஆகியவைதாம்.

ஸ்டீராய்டு வந்த வழி

1948 செப்டம்பர் 21 அன்று, அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினர். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இவ்வகை ஹார்மோன்களின் ஆய்வுக்காக ஹென்ச், வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடல் முழுவதும் பரவும் மருந்து முகவீக்கம், எலும்புத் தேய்வு, சர்க்கரை உயர்வு எனப் பல தீங்குகளைக் கொண்டுவந்தது. மருந்தை வலிக்கும் மூட்டுக்குள் மட்டும் நிறுத்திவிட முடியாதா என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

கார்ட்டிசோனை நேரே மூட்டில் செலுத்தியபோது போதிய பயன் கிட்டவில்லை. உடலுக்குள், முக்கியமாகக் கல்லீரலில், ஹைட்ரோகார்ட்டிசோனாக மாறிய பிறகே அது வேலை செய்யும். ஃபிலடெல்ஃபியாவின் ஜோசஃப் ஹாலண்டர் குழு ஹைட்ரோகார்ட்டிசோனையே மூட்டில் செலுத்தி, பயனை 1951இல் வெளியிட்டது. மெல்லக் கரையும் மெத்தில்பிரட்னிசோலோன், டிரையாம்சினோலோன் ஆகியவை பின்னர் வந்து இன்றும் வழக்கில் உள்ளன.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை பல. நோயாளியைப் படுக்கவைத்து, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து, முட்டுச்சில்லின் பக்கவாட்டில் ஊசியை உள்ளே செலுத்துவர். நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பர். தேய்மான மூட்டின் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். கலங்கியிருந்தால் கிருமித்தொற்று இருக்கக்கூடும். அப்போது ஸ்டீராய்டு செலுத்தக் கூடாது. சர்க்கரை நோயாளிக்குச் சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புதிய ஊசிகள்

1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து ஹயலுரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். மூட்டுநீருக்கு வழவழப்பைத் தருவதும் இதுவே. ஆய்வாளர் எண்ட்ரே பலாஷின் முயற்சியால் பந்தயக் குதிரைகளின் மூட்டுகளுக்கு முதலில் சென்ற இம்மருந்து, சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்ட வடிவில் 1997இல் மனித முழங்காலுக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசி இந்நூற்றாண்டில் பரவியது.

சான்றுகள் சொல்வது

2017இல் வெளியான ஆய்வில், 140 பேரில் ஒரு பாதிக்கு டிரையாம்சினோலோனும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் 12 வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் செலுத்தப்பட்டன. வலிக் குறைவில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. குருத்தெலும்பு இழப்போ ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது. 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வு, பி.ஆர்.பி. உப்புநீரைவிடச் சிறந்ததாக இல்லை என்றது. ஹயலுரோனிக் ஊசியின் வலிக்குறைப்பு நோயாளி உணரும் அளவுக்குக்கூட இல்லை என 2022இல் வந்த தொகுப்பாய்வு முடிவு செய்தது.

இதனால் ஸ்டீராய்டு ஊசியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வீங்கி வலிக்கும் மூட்டுக்கு அது சில வாரங்கள் ஆறுதல் தருகிறது. 2019ஆம் ஆண்டு அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் 2020இல் 156 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வில், ஊசி பெற்றவர்களைவிடப் பிசியோதெரபி பெற்றவர்களே வலியிலும் நடமாட்டத்திலும் மேம்பட்டு இருந்தனர்.

முடிவுரை

எழுபது ஆண்டு வரலாறு காட்டும் உண்மை, மூட்டு ஊசி தேய்ந்ததை மீட்பதில்லை, வலி குறைந்த சில வாரங்களைப் பெற்றுத் தருகிறது என்பதே. அந்த வாரங்களில் தொடைத்தசையை வலுப்படுத்தினால் பயன் நீளும். வலி போய்விட்டது என்று மறுநாளே சரிவில் இறங்கி முன்போல் குத்தவைத்தால் பழைய சுமை அதே மூட்டின்மேல் ஏறும். கூலி இழக்க முடியாதவருக்கு ஓய்வெடு என்று சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். ஆகவே ஊசி போடும் அன்றே, நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிப் பிடிப்பது போன்ற எளிய பயிற்சிகளை மருத்துவர் செய்துகாட்டி அனுப்ப வேண்டும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. முட்டுவலிக்காரர்களுக்கும் அதை முறையாகத் திருப்பினால், விலை கூடிய புதிய ஊசிகளைவிடத் திருவட்டாற்றுத் தொழிலாளர்களுக்கு அதுவே கூடுதல் பயன் தரும்.