வாகூர்ச் செப்பேடும் எல்லாப் பிள்ளைகளுக்குமான கல்வியும்

இன்று பாகூர் என நாம் அழைக்கும் ஊரின் பழம்பெயர் வாகூர். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் இச்செய்தியைக் கூறுகின்றன. மூன்று ஊர்களின் வருவாய் ஒரு கல்விச்சாலையைத் தாங்கியது.

அதே நூற்றாண்டில், 859ஆம் ஆண்டு, மொராக்கோவின் ஃபாஸ் நகரில் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெண்மணி தம் வாரிசுச் சொத்தைக் கொண்டு கட்டிய பள்ளிவாசலே பின்னாளில் அல்கரவிய்யீன் என்னும் பெருங்கல்விக்கூடமாக வளர்ந்தது என்பது மரபுவழி வரலாறு. 1067இல் பாக்தாதில் திறக்கப்பட்ட நிளாமிய்யா மதரஸாவில் மாணவர்களின் தங்குமிடத்தையும் உதவித்தொகையையும் வக்ஃப் சொத்துகள் ஏற்றன. வாகூரின் மொழி வேறு, மார்க்கம் வேறு. ஆயினும் இம்மூன்றிலும் ஓர் உண்மை பொதுவானது: கல்வியின் செலவை வேறொருவர் சுமந்தபோதுதான் கல்வி நிலைத்தது.

எனினும் அந்த வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வாகூரின் சாத்திரக் கல்வி அந்தணருக்கு உரியதாக இருந்தது. வயலில் உழுதவரின் பிள்ளைக்கு அதில் இடமில்லை. முஸ்லிம் உலகின் பெரும் மதரஸாக்களும் பெரும்பாலும் ஆண்களின் உயர்கல்விக்கே உரியனவாக இருந்தன. ஆனால், நமக்கு அதற்கும் முந்தைய ஒரு முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் சிறைப்பட்டு, மீட்புத்தொகை செலுத்த வசதியற்றிருந்தோருக்கு, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே நபி (ஸல்) அவர்கள் மீட்புத்தொகையாக ஆக்கினார்கள் என்பதை முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். வறுமை மிகுந்த அக்காலத்தில் கைக்கு வரக்கூடிய பொருளைவிடச் சாதாரணப் பிள்ளைகளின் எழுத்தறிவு மேலாகக் கருதப்பட்டது.

ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமை என்பதை உலக நாடுகள் ஒருங்கே ஏற்றது 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில்தான். 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்றது. மௌலானா அபுல் கலாம் ஆசாத் முதல் கல்வி அமைச்சராக இருந்த காலம் அது. 1990இல் தாய்லாந்தின் ஜோம்தியனிலும் 2000இல் செனகல் நாட்டின் டாக்கரிலும் கூடிய உலக நாடுகள் ‘அனைவருக்கும் கல்வி’ என உறுதி பூண்டன. இந்தியாவில் 6 முதல் 14 வயது வரையிலான கல்வி சட்டப்படியான உரிமையாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. பத்தாண்டில் நிறைவேற வேண்டியது சட்டமாகவே அறுபது ஆண்டுகள் பிடித்தன.

சட்டம் மட்டும் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருவதில்லை; பசியோடிருக்கும் பிள்ளை பாடத்தில் அமராது. புதுவையில் பிரெஞ்சு நிர்வாகம் 1930இலேயே பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது. தமிழகத்தில் 1956இல் காமராசர் அதனை விரிவாக்கினார். சமைத்த உணவை நாடெங்கும் வழங்குமாறு 2001இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அன்று மூன்று ஊர்களின் வருவாய் சுமந்ததை இன்று மக்களின் வரிப்பணம் சுமக்கிறது.

இனி நம் மஹல்லாக்களை நோக்குவோம். இரண்டு செய்திகளைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம். ஒன்று, இச்சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இரண்டு, 2012இன் திருத்தத்தின்படி மதரஸாக்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆகவே, மக்தபுக்கு அனுப்பிவிட்டோம் என்று பள்ளிப் படிப்பை நிறுத்துவதற்கு இடமில்லை. மக்தபும் வேண்டும், பள்ளியும் வேண்டும்.

வில்லியனூரிலும் பாகூரிலும் எட்டாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ கடந்த ஒரு பிள்ளை படிப்பை விட்டால் அதை முதலில் அறிபவர் பெரும்பாலும் மாலையில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தே. பையன் கடை வேலைக்குப் போகிறான். பெண்பிள்ளை வீட்டில் இருக்கிறாள். காரணம் கேட்டால் பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தந்தையின் நோய் என்று அமையும். இவை ஒரு ஜமாஅத்தால் சுமக்க இயலாத பாரங்கள் அல்ல. ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் ஜமாஅத் நிர்வாகிகள் மஹல்லாவில் படிப்பை விட்ட பிள்ளைகளின் பட்டியலை எடுக்கட்டும். ஏழை மாணவருக்கு ஸகாத் நிதியிலிருந்து எவ்வாறு உதவலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செயல்படட்டும். அப்பட்டியலில் பெண்பிள்ளைகளின் பெயர்கள் விடுபடாதிருக்கட்டும்.

2030க்குள் ஒவ்வொரு பிள்ளையும் இடைநிலைக் கல்வியைத் தரமாக முடிக்க வேண்டும் என்பது 2015இல் உலக நாடுகள் வகுத்த இலக்கு. உலகத்தின் கணக்கு எப்படி ஆயினும், நம் மஹல்லாவின் கணக்கு நம்மிடமே கேட்கப்படும். அப்பொறுப்பை நிறைவேற்றும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.