ஆப் கை மாறினால் என்ன ஆகும்?

ஆண்ட்ராய்டுல எனக்குப் பிடிச்ச கட்டற்ற ஆப் எதுன்னு கேட்டால், முதலில் ஃபாஸிஃபை கேலரியைத்தான் சொல்வேன். அதோட வரலாறு அப்படி.

முன்பு சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று ஒரு ஆப் தொகுப்பு இருந்தது. கேலரி, காலண்டர், ஃபைல் மேனேஜர் எல்லாம் அதில் உண்டு. விளம்பரம் கிடையாது, தேவையில்லாத பெர்மிஷனும் கேட்காது. 2023 கடைசியில் அதை உருவாக்கியவர், ஸிப்போஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பயன்படுத்தினவங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. நம்ம போட்டோ எல்லாத்தையும் பார்க்கிற ஆப் திடீர்னு கை மாறினால் பயம் வரத்தானே செய்யும்?

ஆனால் அதன் மூலநிரல் ஏற்கெனவே ஜிபிஎல் உரிமத்தில் வெளிவந்திருந்தது. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அதே உரிமத்தில் திரும்ப வெளியிடலாம். கொடுத்த உரிமையைப் புது முதலாளி திரும்ப வாங்க முடியாது. அந்தத் திட்டத்தில் பங்களித்துவந்த ஒருவர் மூலநிரலை எடுத்து ஃபோர்க் செய்தார். அதுதான் ஃபாஸிஃபை.

2010-லிருந்து கட்டற்ற ஆப்களுக்காகவே இயங்கும் எஃப்-டிராய்டில் இது கிடைக்குது. அடுத்த முறை ஒரு ஆப்பை இன்ஸ்டால் பண்ணும்போது, இலவசமான்னு மட்டும் பார்க்காதீங்க. என்ன உரிமம்னும் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!