நகக்கண்

'நகமும் சதையும் போல' என்று உறவைச் சொல்கிறோம். பிரிக்க முடியாதது என்று அர்த்தம். பிரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த உவமையை அவ்வளவு சுலபமாக எடுத்துவிட மாட்டார்கள். ராயபுரத்தில் நகம் சதையை விட்டுப் போவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பட்டறை. பவர் பிரஸ்ஸில் விரல் மாட்டிக்கொண்டால், விசைப்படகின் வின்ச்சில் கயிறோடு கை போனால், லாரியின் பின்கதவு விழுந்தால், முதலில் போவது நகம்தான். இன்னொன்று பியூட்டி பார்லர். ஒட்டிய நகத்தை அசிட்டோனில் ஊறவைக்கப் பொறுமையில்லாமல் பிய்த்தெடுக்கும்போது அசல் நகத்தின் மேற்படலமும் கூடவே உரிந்து வருகிறது. இரண்டையும் ஒரே கட்டுரைக்குள் இழுத்துப்போடுவது வலிந்து செய்யும் காரியமாகப் படலாம். ஆனால் இரண்டு இடத்துக்கும் வந்து சேர்கிற பொருள் ஒன்றுதான்: அக்ரிலிக். அதன் சரித்திரத்தைப் பின்தொடர்ந்தால் அழகு, உழைப்பு, தீட்டு என்று நாம் தனித்தனியாக அடுக்கிவைத்திருக்கிற சொல்லாடல்களின் சுவர்கள் கொஞ்சம் ஆட்டம் காண்கின்றன.

நகத்தை நீட்டிக்காட்டும் ஆசை புதிதல்ல. சீனத்தின் சிங் வம்சத்துப் பிரபுக்கள் வளர்த்த நகம் ஒடியாமலிருக்கத் தங்கத்திலும் வெள்ளியிலும் உறை போட்டார்கள். பேரரசி சிஷியின் 1903-04ஆம் ஆண்டுப் புகைப்படங்களில் விரலைவிட நீளமாக அந்த உறைகள் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். கதகளியில் இடதுகை விரல்களில் வெள்ளி நகம் மாட்டுகிறார்கள். நம்மூரில் நீளம் இல்லை, நிறம்தான். மருதாணியை அரைத்து ஒவ்வொரு விரலுக்கும் தொப்பி வைத்து, இரவெல்லாம் கையை மடக்காமல் படுத்திருப்பது. மருதாணிச் சாயம் நகத்தின் புரதத்தோடு கலந்துவிடும். உரியாது, வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போகும். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது என்பதால், ஆடியில் வைத்த சிவப்பு தையிலும் நுனியில் பிறைபோல ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீண்ட நகம் 'நான் வேலை செய்பவன் அல்ல' என்கிற அறிக்கை. 1899இல் ஓய்வு வர்க்கத்தைப் பற்றி எழுதிய வெப்ளனின் வாதத்தை நகத்துக்கும் நீட்டலாம்: உழைக்க லாயக்கற்ற உடலே உயர்ந்த உடல். இதை ஒப்புக்கொண்டால் காசிமேட்டில் இறால் உரிக்கிற பெண்ணின் கை இந்தச் சரித்திரத்துக்கு வெளியே போய்விடுகிறது. உப்பும் ஐஸும் ஊறி, இறாலின் கொம்பு குத்திக் குத்தி, நகச்சுத்தி வந்து வந்து போன கை அது. அந்தக் கைக்கு அழகு வேண்டியதில்லை என்று தீர்மானித்தது யார்? வெப்ளன் வாதத்தின் ஓட்டை இங்கேதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கிய ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர், வண்ணம் தீட்டிய நீள நகங்களோடுதான் ஓடினார். அந்த நகம் ஓய்வின் அடையாளமா? கடைக் கல்லாவிலும் தொலைபேசி இணைப்பகத்திலும் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பெண்கள் நகம் வைத்துக்கொண்டபோது அதை 'மட்டமான ரசனை' என்று சொன்னவர்கள், சிஷியின் உறையை மியூசியத்தில் வைத்தவர்கள்தாம். நகம் நீளமாக இருப்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, யார் விரலில் இருக்கிறது என்பதுதான்.

இனி ரசாயனம். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்பது தண்ணீர் மாதிரி இருக்கிற, மூக்கைத் துளைக்கிற ஒரு திரவம். அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். 1930களில் பிளெக்சிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர் அதைப் போர்விமானத்தின் கூண்டாக்கியது. அதே காலத்தில் பல் வைத்தியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை பல்செட் என்றால் கெட்டியாக்கிய ரப்பர். அக்ரிலிக் வந்தபிறகுதான் ஈறு ஈறின் நிறத்துக்கு வந்தது. விமானக் கூண்டு உடைந்து அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணில் குத்தி நின்றபோது கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி, 1949இல் லண்டனில் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992இல் அந்த லென்ஸை இங்கேயே செய்து, இறக்குமதி விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தது. கண்புரை அறுத்துக்கொண்ட நம் பாட்டிகளில் எத்தனையோ பேர் போர்விமானத்தின் ஒரு துண்டு வழியாகத்தான் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள். ரோலன் பார்த் 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' நூலில் பிளாஸ்டிக்கைப் பொருளாகப் பார்க்காமல், எதுவாகவும் மாறிவிடும் இயக்கமாகப் பார்க்கிறார். சரிதான். ஆனால் எதுவாக மாற வேண்டும் என்பதைப் பிளாஸ்டிக் தீர்மானிப்பதில்லை.

நகமாக மாறியது ஒரு விபத்தில். 1950களின் நடுவில் அமெரிக்கப் பல் வைத்தியர் ஃபிரெட் ஸ்லாக், வேலையில் தன் நகம் உடைந்துபோக, அலுமினியத் தாளை விரலுக்கடியில் அச்சாக வைத்து, பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்கைக் குழைத்து நகம் செய்துகொண்டார். அழகுக்காக அல்ல, வேலை செய்யும் கையின் பழுதுக்காக. பிறகுதான் அது வியாபாரமாயிற்று.

இன்றைக்கு இருக்கிற வகைகள் எல்லாம் அந்தக் குழைவின் பேரப்பிள்ளைகள். எம்.சி. ரோட்டு ஃபேன்சி ஸ்டோரில் அட்டையோடு தொங்குவது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நகம். பின்பக்கப் பசைத்தாளிலோ ஃபெவிக்விக் இனத்துப் பசையிலோ ஒட்டினால் கல்யாண வீடு முடியும்வரை தாங்கும். பார்லரில் செய்வது வேறு. முதலில் நகத்தோலைப் பின்னுக்குத் தள்ளி, நகத்தின் பளபளப்பை அராவி எடுத்து, எண்ணெய்ப்பசை போகத் துடைப்பார்கள். அக்ரிலிக் என்றால் பிரஷ்ஷைத் திரவத்தில் நனைத்து மாவில் தொட, நுனியில் ஒரு மணி திரளும். அதை நகத்தின்மேல் வைத்து இழுத்து உருக்கொடுக்க வேண்டும். சில நிமிஷத்தில் தானாகவே இறுகிவிடும், அதற்குள் கை தடுமாறக்கூடாது. ஜெல் தானாக இறுகாது. மெலிதாகப் பூசிப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் கையைப் புறஊதா விளக்குப் பெட்டிக்குள் நுழைக்க வேண்டும். பட்டுத்துணி, கண்ணாடியிழைத் துணியை வைத்துப் பசையூற்றி இறுக்குவது இன்னொன்று. பசை தடவிய விரலை மாவுக்குள் முக்கியெடுப்பது மற்றொன்று. அடியில் நகம் வளர வளர இடைவெளி விழும். இரண்டு மூன்று வாரத்துக்கொரு தடவை நிரப்ப வேண்டும். கழற்ற அசிட்டோன் பஞ்சு வைத்து அலுமினியத் தாளைச் சுற்றி உட்கார வேண்டும். ஸ்லாக்கின் தாள் இன்னும் கைவிட்டுப் போகவில்லை.

சங்கிலியாகக் கோத்துக்கொண்ட அக்ரிலிக் சாது. கோத்துக்கொள்ளாத திரவம் சாது அல்ல. மெத்தில் மெத்தாக்ரிலேட் திரவத்தால் நகம் கோணிப்போவது, தோல் வெந்துபோவது என்று புகார்கள் குவிந்து, 1970களில் அமெரிக்க அரசின் உணவு-மருந்து நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய் அதைத் தடுத்தது. அதனிடத்தில் எத்தில் மெத்தாக்ரிலேட் வந்தது. பழையது மலிவு என்பதால் முற்றாக ஒழியவில்லை. அதில் செய்த நகம் அளவுக்கு மீறிக் கெட்டி. எங்காவது இடித்தால் தான் உடையாமல் அசல் நகத்தையே தளத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போகும். ஜெல்லை இறுகவைக்கும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப்பொருள்களில் தடைசெய்தது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒவ்வாமை. பாதி இறுகிய ஜெல் தோலில் பட்டுப் பட்டு உடல் ஒருதரம் அக்ரிலேட்டை எதிரியாகக் குறித்துக்கொண்டால், அநேகமாக ஆயுசுக்கும் மறக்காது. பின்னாளில் பல் அடைக்கப் போனாலோ, இடுப்பு மூட்டு மாற்றி எலும்புச் சிமெண்ட் வைக்க நேர்ந்தாலோ அது குறுக்கே வரலாம். கூலிக்கு நகம் வைக்கிற பெண்ணுக்கு இந்த ஆபத்து தினசரி.

யார் அந்தப் பெண்? அமெரிக்காவில் இந்தத் தொழில் வியட்நாமியப் பெண்களின் கைக்குப் போனதன் தொடக்கத்தை 1975இல் வைக்கிறார்கள். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' நடிகை டிப்பி ஹெட்ரன், கலிஃபோர்னியா அகதி முகாமில் இருந்த 20 பெண்களுக்குத் தன் நகக்கலைஞரைக் கூட்டிவந்து தொழில் கற்றுக்கொடுத்தார். நியூயார்க்கின் கொரியப் பெண்களைப் பற்றி மிலியன் காங் 2010இல் எழுதிய நூல், இன்னொருவர் உடல்மேல் செய்யும் உழைப்பைத் தனி வகையாகவே பார்க்கிறது. சென்னையின் பெரிய சலூன்களில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறைய.

நமக்கு மிலியன் காங் வரை போக வேண்டியதுகூட இல்லை. இன்னொருவர் நகத்தைத் தொடும் வேலையை இங்கே ஒரு சாதியின் தலையில் கட்டிவைத்திருந்தோம். முடியும் நகமும் உடலின் செத்த பாகம், கழிவு. ஆகவே அதை வெட்டுகிறவர் கை தீட்டு. நாவிதர் வீட்டுக்குள் வராமல் புறவாசலில் உட்கார்ந்து நகம் களைந்துவிட்டுப் போக வேண்டும், அவர் வீட்டுப் பெண் பிரசவம் மட்டும் பார்க்க உள்ளே வர வேண்டும். இப்போது அதே செத்த பாகத்தின்மேல் செய்யும் வேலைக்குச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, 'நெயில் ஆர்ட்டிஸ்ட்' என்று பட்டப்பெயர் இருக்கிறது, குளிர்பதன அறை இருக்கிறது. தீட்டு போய்விட்டதா? தொழிலின் பேர் மாறியதும் சாதி அதிலிருந்து கழன்றுகொண்டு, லாபம் வேறு கைக்குப் போனது என்பதுதான் என் வாசிப்பு.

ராயபுரத்துக்குத் திரும்புவோம். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வடசென்னையில் பேர். துறைமுகம் ஒருபக்கம், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் அடித்துக்கொடுக்கிற சின்னப் பட்டறைகளும் மறுபக்கம். நசுங்கிய விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்தே இங்கே கை அறுவைச் சிகிச்சை ஒரு துறையாக வளர்ந்தது. அதைக் கட்டியெழுப்பிய ஆர். வெங்கடசாமி, சக மருத்துவர் சுப்ரமணியனோடு 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். சாய்வாக வெட்டுப்பட்ட விரல்நுனியை, அதே விரலின் பக்கவாட்டிலிருந்து நரம்பும் ரத்தக்குழாயும் அறாமல் முக்கோணமாகச் சதையைப் பெயர்த்து முன்னுக்கு நகர்த்தி மூடும் முறை. விரலின் நீளம் குறையாது, தொடுஉணர்வு போகாது. உலகத்தின் கை மருத்துவர்கள் இன்றும் அதை வெங்கடசாமி பேரில்தான் சொல்கிறார்கள். பார்வைக்கு விரல் எப்படி இருக்கும் என்பதற்கு முன்னால், நாளைக்கு இவன் நட்டு போல்ட்டைத் தடவி எடுக்க முடியுமா என்று கேட்கிற மருத்துவம் அது.

சட்டம் கேட்ட கேள்வி வேறு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை விரலைக் கணு கணுவாக விலை பேசியது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. எலும்பு சேதமில்லாமல் நுனி மட்டும் துண்டாகியிருந்தால் ஆட்காட்டி விரலுக்கு 5, நடுவிரலுக்கு 4, மோதிரவிரல் சுண்டுவிரலுக்கு 2. அந்த வெட்டுக்குச் சட்டம் வைத்திருந்த பேர் 'கில்லட்டின்'. நகத்துக்கென்று அட்டவணையில் ஒரு வரி கிடையாது.

நகம் போன விரலில் புது நகம் ஒழுங்காக முளைக்க வேண்டுமானால் நகக்கண்ணின் மடிப்பு ஒட்டிப்போகக்கூடாது. அதனால் தையல்நூல் உறையின் தாளையோ, எக்ஸ்ரே ஃபிலிம் துண்டையோ நக வடிவில் வெட்டி உள்ளே செருகி வைக்கிறார்கள் டாக்டர்கள். இதுவும் ஒட்டுநகம்தான். விரலே போய்விட்டால், பல் மருத்துவக் கல்லூரிகளில் பல்செட் செய்யும் துறையில் சிலிக்கான் விரல் செய்துகொடுக்கிறார்கள். மற்றக் கையின் அதே விரலில் அச்செடுத்து, தோல் நிறத்துக்குச் சாயம் கலந்து, நுனியில் அக்ரிலிக் நகம் ஒன்றைப் பதிக்கிறார்கள். மற்ற ஒன்பதையும் வெட்டிக்கொண்டே இருந்தால்தான் அது அளவுக்குப் பொருந்தி நிற்கும்.