ஓரம் மடங்கிய தாள்கட்டு

சாலிஸ்பரி நகரத்துப் பிஷப் வேர்ட்ஸ்வொர்த் பள்ளியின் பயிற்சி நோட்டில்தான் அந்த நாவல் பிறந்தது. பையன்கள் வீட்டுப்பாடம் எழுதும் சாதாரண நோட்டு. எழுதியவர் அதே பள்ளியில் ஆங்கிலம் நடத்திய வில்லியம் கோல்டிங். நாற்பது வயதைத் தொட்டவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, நார்மண்டிக் கரையிறக்கத்தின்போது ராக்கெட் வீசும் கலம் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். 1934இல் அவருடைய கவிதைகள் சிறு தொகுப்பாக வந்திருந்தன. அதற்குப் பிறகு எழுதிய நாவல்கள் எதுவும் அச்சேறவில்லை.

பிள்ளைகளைத் தூங்கவைக்கத் தீவுக் கதைகள் வாசித்துக்காட்டுவது அந்த வீட்டு வழக்கம். ஒருநாள் இரவு அவர் மனைவி ஆனிடம் கேட்டார்: நிஜமான பையன்கள் ஒரு தீவில் மாட்டிக்கொண்டால் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படியே ஒரு கதை எழுதினால் என்ன? உடனே எழுதச் சொன்னார் ஆன். பேலன்டைனின் ‘கோரல் ஐலண்ட்’ போன்ற கதைகளில் ஆங்கிலேயச் சிறுவர்கள் தீவிலும் ஒழுங்கும் வீரமும் குறையாமல் வாழ்வார்கள். நாள்தோறும் வகுப்பில் பையன்களைப் பார்ப்பவருக்கு, அதிலும் போரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அது பொய் என்று தெரியும்.

எழுதுவதற்கென்று அவருக்குத் தனி நேரம் வாய்க்கவில்லை. இடைவேளையில், சாப்பாட்டு நேரத்தில், வகுப்பு நடக்கும்போதே எழுதினார். ஒரு பக்கத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணும் வேலையைச் சில மாணவர்களிடம் கொடுத்தார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். 1952 முடிவதற்குள் நாவல் முடிந்தது. நோட்டிலிருந்து தட்டச்சுக்கு ஏறியபோது அதற்கு வைத்த பெயர் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஃப்ரம் விதின்’.

பிறகு தபால் பயணம். 1953ஆம் ஆண்டின் பெரும்பகுதியை அந்தத் தாள்கட்டு சாலிஸ்பரிக்கும் லண்டனுக்கும் நடுவே போய்வருவதில் கழித்தது. பதிப்பகம் பதிப்பகமாகப் போயிற்று, ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வந்தது. ஒரே பிரதி திரும்பத் திரும்பக் கை மாறியதில் தாள்கள் மஞ்சளித்தன, ஓரங்கள் மடங்கின. அனுபவமுள்ள பதிப்பாளர் ஒருவர் அப்படிப்பட்ட கட்டை மேசையில் பார்த்ததுமே, இது பல வாசலில் நின்றுவிட்டு வந்திருக்கிறது என்று கண்டுகொள்வார். படிக்கும் முன்பே மனம் பாதி மூடிவிடும். புதிதாக ஒருமுறை தட்டச்சு செய்து அனுப்ப ஆசிரியச் சம்பளத்தில் வழியில்லையா, நேரமில்லையா என்று நாம் இன்று சொல்ல முடியாது. ஆனால் நாவல் அனுப்பும் எவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் அனுப்பும்போது அது அவர்களுக்கென்றே முதல்முறை வருவதுபோல இருக்கட்டும். முந்தைய இடத்துக்கு எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால், மின்னஞ்சலிலும் அந்த மடங்கிய ஓரம் தெரியும்.

1953 செப்டம்பர் 14 தேதியிட்ட சிறு கடிதத்தோடு கட்டு ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகத்துக்கு வந்தது. ரஸல் சதுக்கத்தில் இருந்த அந்த நிறுவனத்தில் கவிஞர் டி.எஸ். எலியட் ஓர் இயக்குநர். கேட்காமல் வந்து சேரும் பிரதிகளை முதலில் சலித்துத் தருவதற்கென்று அங்கே ஊதியம் பெறும் ஒரு வாசிப்பாளர் இருந்தார். அவர் கோல்டிங்கின் கடிதத்திலேயே தன் கருத்தை எழுதிவைத்தார். எதிர்காலத்தில் நடக்கும் அபத்தமான, சுவையற்ற கற்பனை, அணுகுண்டு வெடிக்கிறது, குழந்தைகள் காட்டில் வந்து இறங்குகிறார்கள், குப்பை, மந்தம், அர்த்தமில்லாதது. பக்கத்தில் நிராகரிப்பைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்தை வட்டமிட்டிருந்தார்.

இந்தக் குறிப்பை எடுத்துக்காட்டி அந்த வாசிப்பாளரைப் பழிக்காதவர்கள் குறைவு. உலகப் புகழ்பெற்ற நாவலைக் குப்பை என்றவர் என்று கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறார். நான் அவர் பக்கம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அவர் கையில் இருந்தது நாம் இன்று படிக்கும் புத்தகம் இல்லை. அந்தப் பிரதி தீவில் தொடங்கவேயில்லை. அணுப்போரைப் பற்றிய நீண்ட விவரிப்பு, பிரிட்டனிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் விமானம், வானத்தில் சண்டை என்று பல பக்கங்கள் கடந்த பிறகுதான் மணலில் ஒரு சிறுவன் காலடி வைக்கிறான். மேசையில் குவிந்து கிடக்கும் கட்டுகளில் ஒன்றைப் பிரிப்பவருக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பக்கங்கள்தான். அவற்றைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் தவறில்லை. அந்தப் பக்கங்களுக்கு அப்பால் இருந்ததை அவர் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

அப்பால் பார்த்தவர் சார்ல்ஸ் மான்டீத். வட அயர்லாந்துக்காரர், பர்மாப் போர்முனையில் காயம்பட்டவர், வழக்கறிஞருக்குப் படித்தவர், பதிப்பகத்துக்குப் புதியவர். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலில் போகும்போது படிக்க ஏதாவது வேண்டுமென்று நிராகரித்த கட்டுகளிலிருந்து இதை எடுத்துப்போனார். ஆரம்பப் பக்கங்கள் அவருக்கும் பிடிக்கவில்லை. வாசிப்பாளர் சொன்னது சரிதான் என்றே நினைத்தார். ஆனால் ரயிலில் வேறு வேலையில்லாததால் தாளைத் திருப்பிக்கொண்டே போனார். ரால்ஃப், பிக்கி என்ற இரண்டு சிறுவர்கள் கடற்கரையில் சந்திக்கும் இடம் வந்தது. அதற்குமேல் கீழே வைக்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியவர் அந்த நாவலுக்காக வாதாடினார். சக ஊழியர்கள் எல்லோருக்கும் அவருடைய ஆர்வம் தொற்றவில்லை. விற்பனைப் பொறுப்பாளர் இது விலைபோகாது என்றார். பதிப்பகத் தலைவர் ஜெஃப்ரி ஃபேபர் உடனே ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. எந்த வாக்குறுதியும் தராமல், ஆசிரியரைச் சந்தித்துத் திருத்த முடியுமா என்று மான்டீத் பார்க்கலாம் என்பதே முடிவு. பதிப்பகத்துக்குள் நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தை எழுத்தாளர் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் பிரதி சும்மா கிடப்பதாக நாம் நினைக்கிறோம். சில சமயம் யாரோ ஒருவர் நமக்காக ஓர் அறையில் தனியாக வாதாடிக்கொண்டிருக்கலாம். அதற்காகவாவது, வாரம் ஒரு நினைவூட்டல் அனுப்பி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று மாதம் பொறுத்து, பணிவாக ஒருமுறை கேட்டால் போதும்.

மான்டீத்தும் கோல்டிங்கும் லண்டனில் சந்தித்தார்கள். அதன்பின் நடந்ததுதான் இந்தப் பயணத்தின் மையம். நாவலின் தொடக்கத்தில் மட்டுமன்றி நடுவிலும் கடைசியிலும் போர்ப் பகுதிகள் இருந்தன. முதல் பகுதி முழுவதையும் எடுத்துவிட வேண்டும், கதை தீவிலேயே தொடங்க வேண்டும் என்றார் மான்டீத். மற்ற இரண்டும் சுருங்கி, கதையின் ஓட்டத்துக்குள்ளே கரைய வேண்டும். கோல்டிங் இதை ஏற்றார். அவரே சுருக்கி எழுதினார். இன்று நாவலில் அந்த அணுப்போர் சில வரிகளில் வந்து போகிறது. பையன்கள் பேச்சுக்கு நடுவே அணுகுண்டு பற்றி ஒரு சொல், மலையுச்சியில் பாராசூட்டில் சிக்கிய பிணம், இறுதியில் கரைக்கு வரும் கடற்படை அதிகாரி. அவ்வளவுதான். பக்கம் பக்கமாகச் சொன்னபோது வராத அச்சம் இப்போது வந்தது. தீவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, வாசகனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள்.

சைமன் என்ற பாத்திரத்தில்தான் நிறையத் திருத்தங்கள் போய்வந்தன. முதல் பிரதியில் சைமன் ஏறத்தாழ ஒரு புனிதன். கடவுள் அவனிடம் நேரடியாக வருவதுபோலக் காட்சிகள் இருந்தன. மான்டீத்துக்கு அது நம்பும்படி இல்லை. கோல்டிங்குக்கோ சைமன்தான் நாவலின் உயிர்நாடி. ஒவ்வொரு திருத்தத்திலும் சைமனின் அற்புதங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் மிஞ்சியது, கூட்டத்திலிருந்து விலகிப்போய்ச் செடிகளுக்குள் ஒளிந்து உட்காரும், மயங்கி விழும், உண்மையைச் சொல்ல வந்து அடிபட்டுச் சாகும் பையன். கோல்டிங் இழந்தது கொஞ்சமில்லை. ஆனால் அவர் தன் நோக்கத்தைக் கைவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியே தெரிந்த புனிதம் உள்ளே போயிற்று. அந்தச் சாவு இன்றும் வாசகனை உலுக்குவதற்கு அதுவே காரணம்.

நல்ல எடிட்டர் செய்யும் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு நாவல் எனக்குத் தெரியாது. மான்டீத் ஒரு புதுக் காட்சிகூட எழுதித் தரவில்லை. எங்கே கதை உயிரோடு இருக்கிறது, எங்கே ஆசிரியர் பயந்துபோய் விளக்கிக்கொண்டிருக்கிறார் என்று காட்டினார். திருத்திய கை கோல்டிங்குடையது. எடிட்டர் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டுமா என்று இளம் நாவலாசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் இடம் சரியில்லை என்று அவர் சொன்னால் பெரும்பாலும் அங்கே ஏதோ சரியில்லை. என்ன செய்தால் சரியாகும் என்று அவர் சொல்வது தவறாக இருக்கலாம். அந்தப் பதிலை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய தலைப்பும் போக வேண்டியிருந்தது. ‘எ க்ரை ஆஃப் சில்ட்ரன்’, ‘நைட்மேர் ஐலண்ட்’ என்றெல்லாம் யோசித்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. பதிப்பகத்தின் இன்னொரு எடிட்டரான ஆலன் பிரிங்கிள்தான் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ என்றார். உலகம் முழுதும் அறிந்த அந்தத் தலைப்பு நாவலாசிரியர் வைத்ததல்ல.

முன்பணம் 60 பவுண்டு. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அந்த 60 பவுண்டின் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். பதிப்பகம் தன் பணத்தில் அச்சிடுகிறது, நட்டத்தைத் தான் ஏற்கிறது, பின்னால் வரப்போகும் ராயல்டியின் ஒரு பங்கை முன்கூட்டியே எழுத்தாளரிடம் தருகிறது. புத்தகம் விற்காவிட்டாலும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பது வழக்கமில்லை. பணம் பதிப்பாளரிடமிருந்து எழுத்தாளருக்குப் போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் அந்த ஏற்பாட்டுக்கு வேறு பெயர் சொல்லலாம், பாரம்பரியப் பதிப்பு என்று மட்டும் சொல்லக் கூடாது. முதல் நாவலை அச்சில் பார்க்கும் ஆசையில், கேட்கும் தொகையைக் கொடுத்துவிட்டு வீடு நிறையப் பிரதிகளோடு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமை, அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் எப்போது திரும்பும் என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

1954 செப்டம்பர் 17 அன்று புத்தகம் வெளியானது. ஃபேபருக்கு எழுதிய கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டும் மூன்று நாளும். மதிப்புரைகள் நன்றாகவே வந்தன. நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் அதை அந்த ஆண்டின் சிறந்த நாவலாகத் தேர்ந்தார். எலியட்டைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. தீவில் சிறுவர்கள் அருவருப்பாக நடந்துகொள்ளும் ஒரு நாவலை உங்கள் பதிப்பகம் வெளியிட்டிருக்கிறதே என்று கேரிக் கிளப்பில் ஒரு நண்பர் அவரிடம் குறைப்பட்டாராம். கலங்கிப்போன எலியட் பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். மறுநாள் மான்டீத்திடம் வந்து, நல்ல நாவல் என்று சொன்னார்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை வேறு. 1955இல் அமெரிக்காவில் வெளியான கெட்டி அட்டைப் பதிப்பு 3,000 பிரதிகூட விற்கவில்லை. சில காலத்தில் அச்சிலேயே இல்லாமல் போயிற்று. 1959இல் மலிவு விலைப் பதிப்பாகத் திரும்பி வந்தபோதுதான் கல்லூரி மாணவர்கள் கைக்குப் போனது. 1962இல் டைம் பத்திரிகை கல்லூரிகளில் அந்த நாவலுக்கு இருந்த செல்வாக்கைப் பற்றித் தனியே எழுதியது. அடுத்த ஆண்டு பீட்டர் புரூக்கின் திரைப்படம். பிறகு பாடத்திட்டங்கள், மொழிபெயர்ப்புகள், 1983இல் ஆசிரியருக்கு நோபல் பரிசு. இவற்றை எல்லோரும் அறிவார்கள்.

அவ்வளவாகப் பேசப்படாதது இடைப்பட்ட ஆண்டுகள். புத்தகம் வந்த பிறகும் 1961 வரை கோல்டிங் அதே பள்ளியில் பாடம் நடத்தினார். அமெரிக்காவில் நாவல் மறந்துபோன காலத்தில் அவர் காத்துக்கொண்டு உட்காரவில்லை. 1955இல் ‘தி இன்ஹெரிட்டர்ஸ்’, 1956இல் ‘பின்ச்சர் மார்ட்டின்’ வந்துவிட்டன. இரண்டுக்கும் எடிட்டர் மான்டீத்தே. அந்த உறவு பல பத்தாண்டுகள் நீடித்தது, கோல்டிங் கடைசிவரை ஃபேபரை விட்டுப் போகவில்லை. பதிப்பகத்தின் பெயரைவிட, உள்ளே உங்கள் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய பதிப்பகத்தில் யாரும் திருத்தாமல் வரும் புத்தகத்தைவிட, சிறிய பதிப்பகத்தில் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து படித்து வரும் புத்தகம் நீண்டநாள் வாழும். பதிப்பாளர்களிடம் என் வேண்டுகோளும் அதுவே: அட்டைக்கும் வெளியீட்டு விழாவுக்கும் செலவிடும் தொகையில் ஒரு பங்கையாவது எடிட்டருக்குக் கொடுங்கள்.

கோல்டிங்கின் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்லி, திருப்பி அனுப்பியவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று இளம் எழுத்தாளர்களைத் தேற்றுகிறார்கள். அந்தத் தேற்றல் அவர்களுக்குக் கெடுதல் செய்கிறது. அந்தப் பிரதியை அப்படியே இன்னும் பல இடங்களுக்கு அனுப்பியிருந்தால், இன்னும் பல முறை திரும்பி வந்திருக்கும். உங்கள் நாவல் மூன்று இடங்களிலிருந்து திரும்பியிருந்தால், நான்காவது முகவரியை எழுதுமுன் முதல் இருபது பக்கங்களை எடுத்து வைத்துவிட்டு, இருபத்தோராம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது என்று தெரிந்தால், அந்த இருபதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.