நடக்கும் உரிமையிலிருந்து கடக்கும் உரிமைக்கு

சாலை விபத்தையும் சாதியையும் சேர்த்துப் பேசினால் நம் தோழர்களே சிலர் சிரிக்கிறார்கள். லாரிக்குச் சாதி தெரியுமா என்று கேட்கிறார்கள். லாரிக்குத் தெரியாதுதான். ஆனால் ஊர் எங்கே, சேரி எங்கே என்று லாரி முடிவு செய்யவில்லை. பஸ் எங்கே நிற்க வேண்டும், விளக்கு எங்கே எரிய வேண்டும், யார் நடந்து போக வேண்டும் என்பதையும் அது முடிவு செய்யவில்லை. இவற்றையெல்லாம் முடிவு செய்தவர்கள் மனிதர்கள். அந்த முடிவுகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இன்று நம் ஊர் முக்கில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பது நமக்குப் பிடிபடும்.

சாலிஸ்கானில் நடந்த விபத்து

அண்ணல் அம்பேத்கர் ஒரு சாலை விபத்தில் கால் முறிந்து படுத்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அதை யாரும் சாலைப் பாதுகாப்பின் கதையாகப் படிப்பதில்லை.

ஆண்டு 1929. தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். துலியா ரயில் பாதையில் இருந்த ஒரு கிராமத்தில் வேலை முடித்துத் திரும்பும் வழியில் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அங்குள்ள மகர் மக்கள் ஒரு இரவாவது தங்கிப் போகும்படி கேட்டிருந்தார்கள். நிலையத்திலிருந்து மகர்வாடாவுக்குப் போக ஒரு குதிரை வண்டி வேண்டும். வண்டிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. தீண்டப்படாதவரை ஏற்றி வண்டி ஓட்டுவது தங்களுக்கு இழுக்கு என்றார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வண்டியை வாடகைக்குத் தருவார்கள், ஆனால் ஓட்ட மாட்டார்கள். எனவே வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒரு மகர் லகானைப் பிடித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு மோட்டார் காரில் மோத இருந்து தப்பினார்கள். அடுத்து ஆற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம். சாலையிலிருந்து பாலத்துக்குச் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. இடைவெளி விட்டு நட்ட கற்கள் மட்டுமே இருந்தன. திருப்பத்தில் குதிரை மிரண்டது. சக்கரம் முதல் கல்லில் மோதியது. அம்பேத்கர் பாலத்தின் கல் தளத்தில் தூக்கி எறியப்பட்டார். வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுந்தன. காயங்களோடு காலும் முறிந்து பல நாள் அவரால் நடக்க முடியவில்லை. ஏன் நடந்தது என்று பிறகு விசாரித்தபோதுதான் வண்டிக்காரர்கள் மறுத்த விவரம் அவருக்கே தெரிந்தது. பாரிஸ்டராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த ஒருவரைவிடத் தன்னை மேலானவராக ஒரு வண்டிக்காரர் நினைத்துக்கொள்ள முடிகிறது என்பதை அவர் பின்னாளில் எழுதிவைத்தார்.

இந்த விபத்துக்கு இன்று ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டால் அதில் என்ன இருக்கும்? ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்ற ஒரே வரி. நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஓட்டியவர் என்ன செய்தார்? அந்தத் திருப்பமும் கைப்பிடியில்லாத பாலமும் எப்படி இருந்தன? பழக்கமில்லாத ஒருவர் ஏன் அந்த இடத்தில் லகானைப் பிடிக்க நேர்ந்தது? முதல் கேள்வியோடு காவல்துறை நிறுத்திக்கொள்ளும். நல்ல பொறியாளர் இரண்டாவது கேள்வி வரை வருவார். மூன்றாவது கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும்.

சாலையில் கால் வைப்பதற்கே ஒரு போராட்டம்

சாலிஸ்கானில் வண்டி மறுக்கப்பட்டது. அதே காலத்தில் தெற்கே சாலையே மறுக்கப்பட்டுக் கொண்டிருந்தது. திருவிதாங்கூரில் பொதுச்சாலைகள் எல்லோருக்கும் பொது என்று 1865இலேயே அரசு அறிவித்தது. ஆனால் ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு என்று பின்னர் நீதிமன்றம் பிரித்தது. ராஜவீதியில் எல்லோரும் போகலாம், கிராமவீதியில் போக முடியாது என்றானது. நம் மக்கள் அன்றாடம் நடக்க வேண்டிய வீதியோ கிராமவீதிதான். 1893இல் அய்யன்காளி வில்வண்டி பூட்டி, தலைப்பாகை கட்டி, பொதுவீதியில் ஓட்டிப் போனது இந்தப் பிரிவினையை உடைக்கத்தான்.

1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர் என மூவர் சேர்ந்து கோயிலைச் சுற்றிய சாலையை நோக்கி நடந்தார்கள். அங்கே நின்றிருந்தது தீண்டல் பலகை. இதற்கு மேல் இன்னின்னார் வரக்கூடாது என்று சொன்ன பலகை அது. சாலைப் பலகை என்பது எச்சரிக்கவும் வழிகாட்டவும் இருப்பது என்று இன்று பள்ளியில் படிக்கிறோம். நம் முன்னோர் கண்ட பலகை அவர்களைத் திருப்பி அனுப்பவே நின்றது. பெரியார் சிறை சென்றார், நாகம்மையார் களத்தில் நின்றார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் நடந்த போராட்டம் 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கச் சாலைகள் திறந்தன. கிழக்குச் சாலை அப்போதும் திறக்கவில்லை.

அதே 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச்சாலை, தெரு, பாதை வழியே நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றுக்குப் போகலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசு அதை ஆணையாகவும் வெளியிட்டது. ஒரு மனிதர் தெருவில் நடக்கலாம் என்பதற்கு ஒரு சட்டசபைத் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலையைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் இன்னும் தெளிவானது. சாலையையும் பாதையையும் மறிப்பதை மட்டுமல்ல, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டக் கூடாது என்று தடுப்பதையும் அது குற்றம் என்கிறது.

இந்தப் போராட்டம் முடிந்துவிடவில்லை. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரில் 2008 மே மாதம்தான் ஒரு பாதை உடைக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் மயானப் பாதை மறிக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டி வந்தது.

சாலை மாறியது, கேள்வியும் மாறியது

நடக்கும் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே சாலையின் வடிவம் மாறிவிட்டது. 1998இல் தேசிய நெடுஞ்சாலை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. சென்னை - பெங்களூரு சாலை தங்க நாற்கரத்தின் பகுதியானது. சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலை வடக்கு - தெற்கு வழித்தடமானது. புளியமர நிழலில் போன இருவழிச் சாலைகள் நான்குவழி ஆயின. டோல்கேட் வந்தது, சென்டர் மீடியன் வந்தது.

வடமாவட்டங்களில் கூட்ரோடு என்கிறோம், தெற்கே விலக்கு என்கிறோம், கொங்குப் பகுதியில் பிரிவு என்கிறோம். ஊர்ச்சாலை பெருஞ்சாலையைத் தொடும் அந்த இடம்தான் கிராமத்துக்கு உலகத்தின் வாசல். பஸ், பள்ளி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, நூறு நாள் வேலை, கம்பெனி வேன் எல்லாம் அதைத் தாண்டித்தான். நான்குவழிச் சாலையை வரைந்தவர்களுக்கோ அது வேகத்தைக் குறைக்கும் ஒரு தொல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நான்குவழிச் சாலையின் ஒரு பக்கம் மட்டும் ஓரத்தோடு சேர்த்துச் சுமார் எட்டரை மீட்டர். நடுத்தர வயதுக்காரர் நொடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் அதைக் கடக்க ஏழு நொடி ஆகும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஏழு நொடியில் ஏறக்குறைய 200 மீட்டர் வந்துவிடும். விறகுக் கட்டோடு மெதுவாக நடக்கும் பாட்டிக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டும். அதற்குள் கார் 300 மீட்டர் வந்துவிடும். இருட்டில் 300 மீட்டர் தள்ளி வரும் வெளிச்சம் காரா லாரியா, எவ்வளவு வேகம் என்று யாரால் கணிக்க முடியும்? பிறகு மீடியனைத் தாண்டி இதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். பாட்டியின் கவனக்குறைவு என்று எழுதும் கை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நாடு முழுவதற்குமான எண்களும் இதைத்தான் சொல்கின்றன. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். மூன்றில் இரண்டு சாவுகள் கிராமப்புறத்தில் நடந்தவை. மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

இந்த அறிக்கையில் வயது இருக்கிறது, பால் இருக்கிறது, வாகன வகை இருக்கிறது. சாதி இல்லை. ஆகவே தலித்துகள் இத்தனை சதவீதம் என்று நாம் எண் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் ஷேர் ஆட்டோவில் தொங்குகிறவரும் யார், நிலமும் காரும் யாரிடம் இருக்கின்றன என்பதை நாம் அறிவோம்.

பிணங்களை எண்ணிக் காத்திருக்கும் விதி

அரசு வைத்திருக்கும் ஒரு அளவுகோலைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் கரும்புள்ளி. தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்திய ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் ஆபத்தானது என்று கணக்கில் வரும். நான்கு விபத்தோடு நிற்கும் விலக்கு இந்தக் கணக்கில் வராது.

ஆகவே நம் ஊர்களில் ஒரு சடங்கு நடக்கிறது. ஒருவர் சாகிறார், மக்கள் மறியலில் உட்காருகிறார்கள், அதிகாரிகள் வந்து வாய்மொழியாக உறுதி சொல்கிறார்கள். மறுநாள் நகைக்கடை விளம்பரத்தோடு இரண்டு பேரிகார்டு வருகிறது. மறியலில் உட்கார்ந்த இளைஞர்கள் மேல் வழக்கும் வருகிறது. ஆறு மாதத்தில் பேரிகார்டு சாய்ந்துவிடும், வழக்கு மட்டும் நிற்கும்.

இதை மாற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 2017இல் மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு, சாலைகளுக்குப் பாதுகாப்புத் தணிக்கை என்று விரிவான உத்தரவுகளைத் தந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 198ஏ பிரிவு, வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாத ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் அதிகாரியும் பொறுப்பு என்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை சிறியதுதான். ஆனால் சாலிஸ்கானின் இரண்டாவது கேள்வி முதன்முறையாகச் சட்டத்தில் ஏறியிருக்கிறது.

கேட்க வேண்டியது என்ன?

வேகத்தடை மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வாய்ப்புள்ள புள்ளிகள் 32 என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதே இடத்தில் ஒருவழித்தட ரவுண்டானா அமைந்தால் அவை 8. வேகமும் குறையும். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்பங்காகிறது. ஆக, சிறிய சாலைகள் சந்திக்கும் இடத்தில் ரவுண்டானா கேட்கலாம். நான்குவழிச் சாலையில் மீடியனில் ஆட்கள் நின்று இளைப்பாறிக் கடக்க அகலமான இடம், விளக்கு, திருப்பத்தை மறைக்கும் விளம்பரப் பலகைகளையும் புதர்களையும் அகற்றுதல், பெருஞ்சாலையைத் தொடும் முன் ஊர்ச்சாலையில் வேகத்தடை, கடக்கும் இடத்தை ஒட்டியே பஸ் நிறுத்தம் ஆகியவற்றைக் கேட்கலாம். அதிக வேகச் சாலையில் தண்ணீர் தேங்காத சுரங்கப்பாதை கேட்கலாம். நடைமேம்பாலம் என்று சொல்லித் தப்பிக்க விடக்கூடாது. தண்ணீர்க் குடத்தோடும் பிணத்தோடும் அதில் ஏற முடியாது.

கேட்கும் முறையும் முக்கியம். பஸ் விடும் நேரத்தில் ஒரு வாரம் அந்த விலக்கில் நின்று யார், எங்கே, எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எழுதுவோம். பிணம் போகும் வழியையும் எழுதுவோம். அந்த இடத்தில் ஐந்தாண்டில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். கிராம சபையில் தீர்மானமாக்குவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குவோம். ஊரின் வாசலுக்கு விளக்குப் போட்டுச் சேரியின் வாசலை இருட்டில் விட்டால், அந்த வேறுபாட்டையும் எழுத்தில் கொண்டு வருவோம்.

நூறாண்டுக்கு முன் நம்மவர்கள் கேட்டது சாலையில் நடக்கும் உரிமை. அன்று அதைச் சாலைப் பிரச்சினை என்று யாரும் சுருக்கவில்லை, மனித உரிமை என்றே புரிந்துகொண்டார்கள். இன்று பள்ளிவிட்டு வரும் பிள்ளை மறுபக்கம் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்று கேட்பதும் அதே உரிமையின் தொடர்ச்சிதான். ஐந்தாவது விபத்து வரை அதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.